நாள் முழுக்க ஊசியோடு வேலை, இந்த ஊசிக்கு மட்டும் பயம்

கரூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 49 வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஆவணிக் கடைசியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனும் எடுத்திருக்கிறார். 1.8 செ.மீ. கட்டி, பைராட்ஸ் 4பி என்று ரிப்போர்ட். “ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும், வியாழக்கிழமை வாங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வியாழனும் போய், அதற்குப் பிறகு ஒன்பது வியாழனும் போய்விட்டன.

ஏன் போகவில்லை? அவருடைய பெரியம்மாவுக்கு இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி கட்டி. ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தார்கள், எட்டே மாதத்தில் இறந்துவிட்டார். ‘குத்தினதால்தான் பரவிவிட்டது’ என்று அந்த வீட்டில் இன்றுவரை பேச்சு. அப்புறம், இவருக்கு ஊசி என்றாலே மயக்கம். மகனுக்கு டெங்கு வந்தபோது அவன் கையில் ரத்தம் எடுத்ததைப் பார்த்தே கீழே விழுந்து, நெற்றியில் மூன்று தையல். கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே மேசையில் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதும் மனதில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஒரு பற்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார். “நாள் முழுக்க ஊசியோடு வேலை செய்கிறவள் நான். இந்த ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன். ஊசி இல்லாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் ‘கட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கடைசி வரி வரைக்கும் ‘அது’ என்றுதான் வருகிறது. பெயரைச் சொல்லக்கூடக் கை வராத அளவுக்குப் பயந்து போயிருக்கிறீர்கள். அந்த நிலையிலும் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினீர்களே, அதற்கு நன்றி.

‘பயப்படாதீங்க’ என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். மருத்துவப் பயிற்சி முடித்த புதிதில் ஓர் அம்மா இதே பயத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். “பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கவில்லை. அவர் திரும்பி வர ஒன்றேகால் வருடம் ஆயிற்று. அதற்குள் கட்டி தோலைத் தாண்டி வந்திருந்தது. அன்றிலிருந்து நோயாளியிடம் நான் முதலில் கேட்பது, “எதை நினைச்சுப் பயமா இருக்கு?” என்பதுதான். நீங்கள் நான் கேட்காமலே எழுதிவிட்டீர்கள். பயம் என்று ஒரு சொல்லில் சொன்னாலும் உங்களிடம் இருப்பது நாலைந்து தனித்தனி பயங்கள். ஒன்றுக்கு விவரம் தெரிந்தால் போதும், இன்னொன்றுக்கு உடம்பைப் பழக்க வேண்டும், வேறொன்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

குத்தினால் பரவுமா?

பெரியம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பாவம், ரெண்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தாங்களாம்.’ ஊசி குத்தியது ஒரு நாள், சில நிமிடம். கட்டி உள்ளே இருந்தது இரண்டு வருடம். வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது அந்த ஊசிதான். அதற்கு முந்தைய இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. அதனால் பழி ஊசியின் மேல் விழுந்தது. முற்றிய பிறகு டெஸ்டுக்கு வந்து, கொஞ்ச நாளில் இறந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பேச்சு நம் ஊர்களில் நிலைத்தது. உங்கள் வீட்டார் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள். பார்க்காத பாதி அவர்களுக்குத் தெரியவில்லை.

புற்றுநோய் பரவ ஊசி தேவையில்லை. அது நிணநீர்க் குழாய் வழியாகவும் ரத்தம் வழியாகவும் தானாகவே போகும். எவ்வளவு நாள் விடுகிறோமோ அவ்வளவு வாய்ப்பு. ஊசி போன பாதையில் சில செல்கள் இடம் மாறிக் கிடப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவை அங்கே பிழைத்து வளர்வது மிக மிக அரிது. அப்புறம் வரும் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் அந்த இடத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். ஊசி குத்தியவர்களின் ஆயுள் அதனால் குறையவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கட்டியில் குத்தக்கூடாது என்பதையும் மருத்துவர்கள் பார்த்துத்தான் செய்கிறோம். ஆண்களின் விதைப்பையில் சந்தேகத்துக்குரிய கட்டி வந்தால் வெளியிலிருந்து ஊசி குத்த மாட்டோம். சில சினைப்பைக் கட்டிகளிலும் அப்படித்தான். மார்புக் கட்டி அந்த வகை இல்லை. இதில் முதலில் ஊசி, பிறகுதான் மற்றதெல்லாம். உலகம் முழுக்க இதுதான் முறை.

உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று வேறு இருக்கிறது. ஊசிக்குப் பயந்து, “சின்னக் கட்டிதானே, அப்படியே வெட்டி எடுத்துப் போட்டுடுங்க” என்று எங்காவது போய்ப் படுத்துக்கொள்வது. என்ன கட்டி என்றே தெரியாமல் எடுக்கும்போது ஓரத்தில் மிச்சம் நின்றுவிடலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிட்ட கதைகளும் உண்டு. அப்படி அரைகுறையாக எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் திட்டமிட நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. யார் எதை வெட்டினாலும், அந்தச் சதை பரிசோதனைக்குப் போனதா, அதன் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட் ஸ்கேன். கடன் வாங்காதீர்கள். சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்களை அந்த ஸ்கேன் ஒளிரக் காட்டும், அவ்வளவுதான். காசநோய்க் கட்டியும் ஒளிரும், சீழ் பிடித்ததும் ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுக் கட்டிகள் ஒளிராமலே போகலாம். என்ன நோய் என்று பெயர் சொல்லுவது சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்தான். நம் நாட்டில் மார்பில் காசநோய்க் கட்டி வருவதுண்டு. தாய்ப்பால் கொடுத்து வருடங்கள் கழித்துச் சிலருக்கு வரும் ஒரு வகை அழற்சிக் கட்டியும் உண்டு. இரண்டுமே ஸ்கேனில் புற்றுநோய் மாதிரியே தெரிந்து நம்மைக் கலங்கடிக்கும். இரண்டும் மருந்தில் குணமாகக்கூடியவை. ஊசி டெஸ்ட் எடுக்காவிட்டால் அவர்களையும் வீணாகப் பயமுறுத்திக்கொண்டே இருப்போம்.

பைராட்ஸ் 4பி என்றால் என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்காம் நிலைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அது நோயின் நிலை இல்லை. படத்தைப் பார்த்த மருத்துவருக்கு எவ்வளவு சந்தேகம் என்பதற்கான மதிப்பெண். 4பி என்றால் புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு 10 முதல் 50 வரை வாய்ப்பு. அதாவது, இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம். அதற்காக அலட்சியமாக விடும் அளவும் இல்லை. சரியாக ஊசி டெஸ்ட் எடுக்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்

தெரியாத அறைதான் பெரிதாகப் பயமுறுத்தும். அதனால் உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முழு மயக்கம் கொடுப்பதில்லை, ஆகவே காலையில் இட்லியோ பழையதோ நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியோ சட்டையோ வசதி.

மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். குளிர்ச்சியான ஜெல் தடவி ஸ்கேன் கருவியால் கட்டியைப் பார்ப்பார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அதே மருந்து. ஐந்தாறு விநாடி சுரீர் என்று எரியும். அன்றைக்கு வலி என்று இருந்தால் அதுதான். ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் மரத்துவிடும். தோலில் 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்ன வெட்டு. தையல் போட வேண்டியிராது.

அதன் வழியாகத்தான் சதை எடுக்கும் பயாப்சி ஊசி போகும். 2 மி.மீ. தடிமன், கிட்டத்தட்ட உங்கள் கோணி ஊசி மாதிரி. பார்க்காதீர்கள், முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு பிடி இருக்கும். அழுத்தினால் ஸ்டேப்ளர் மாதிரி ‘டக்’ என்று சத்தம் வரும். பாதிப் பேர் வலியால் அல்ல, இந்தச் சத்தத்தால்தான் துள்ளுகிறார்கள். அதனால் நான் எப்போதும் ஊசியை உள்ளே விடுவதற்கு முன்னால் காற்றில் ஒரு தடவை அழுத்திக் காட்டிவிடுவேன். நீங்களும், “முதல்ல அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். ஒவ்வொரு ‘டக்’கின்போதும் யாரோ விரலால் அழுத்துவது மாதிரி இருக்கும். வலித்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய அவசியமே இல்லை.

நாலைந்து தடவை எடுப்பார்கள். வருவதெல்லாம் சேமியா இழை மாதிரி மெல்லிய, ஒன்றரை, இரண்டு செ.மீ. நீளச் சதைத் துணுக்குகள். சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவ பாட்டிலில் போட்டதும் கட்டியின் சதை பெரும்பாலும் கீழே இறங்கும், வெறும் கொழுப்பாக இருந்தால் மிதக்கும். அதை வைத்தே சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறதா என்று நாங்கள் ஓரளவு கணித்துவிடுவோம். அப்புறம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரி ஒட்டி, ஐஸ் வைக்கச் சொல்வார்கள். உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும் வரைக்கும் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். மறுநாள் அந்த இடம் நீலமாகக் கன்றிப் போகும். பத்துப் பதினைந்து நாளில் மறையும். நீலம் பரவுவதைப் பார்த்து ‘நோய் பரவுகிறது’ என்று நினைத்துவிடாதீர்கள், அது ரத்தக் கன்றல்தான். இரண்டு நாளைக்குத் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். நீங்கள் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு மறுநாள் உட்காரலாம். வீக்கம் வேகமாகப் பெரிதானாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே போய்க் காட்டுங்கள்.

மயங்கி விழுவது பற்றி

இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் ஓர் எதிர்வினை. பல்லியைப் பார்த்துப் பயந்தாலோ நாயைப் பார்த்துப் பயந்தாலோ ரத்த அழுத்தம் ஏறும், ஓடத் தோன்றும். ஆனால் ஊசி, ரத்தம், காயம் இவற்றைக் கண்டு பயப்படுகிற சிலருக்கு மட்டும் முதலில் இதயத் துடிப்பு ஏறி, பிறகு துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறையும், கண் இருட்டும், விழுவார்கள். பல குடும்பங்களில் இது அம்மாவுக்கும் இருக்கும், பிள்ளைக்கும் இருக்கும். ஜாக்கெட் ஊசியை நாள் முழுக்கப் பிடிக்கிறவருக்கும் இது வரலாம். துணியில் போகும் ஊசியும் தோலில் போகும் ஊசியும் உங்கள் உடம்புக்கு ஒன்றல்ல.

ஆகவே, ‘உடம்பைத் தளர விடுங்க, ரிலாக்ஸ் பண்ணுங்க’ என்ற வழக்கமான யோசனை உங்களுக்குப் பொருந்தாது. தளர விட்டால் அழுத்தம் இன்னும் இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியது நேர்மாறானது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்துச் சோதித்துப் பார்த்த பயிற்சி இது. என் நோயாளிகள் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு கை முஷ்டி, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும் வரை, ஒரு பத்துப் பதினைந்து விநாடி. பிறகு இறுக்கத்தை விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். தொளதொளவென்று சாயாமல், சாதாரணமாக இருந்தால் போதும். இப்படி ஐந்து தடவை. காலை, மதியம், ராத்திரி என்று ஒரு வாரம் செய்து பழகுங்கள். மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே செய்யலாம். பிரஷரோ இதய நோயோ இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அன்றைக்கு அறைக்கு வெளியே காத்திருக்கும்போதும், மேசையில் படுத்த பிறகும் இதையே செய்யுங்கள். ஊசி போகும் பக்கத்து நெஞ்சையும் கையையும் மட்டும் இறுக்காமல், கால்களையும் வயிற்றையும் இறுக்கினால் போதும்.

உங்களுக்குச் சாதகமாக இன்னொன்று இருக்கிறது. நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கும்போதுதான் இப்படி விழுவார்கள். பயாப்சிக்கு நீங்கள் படுத்திருப்பீர்கள். படுத்திருப்பவர் மயங்குவது குறைவு, மயங்கினாலும் விழ இடமில்லை. கவனம் தேவைப்படுவது எழுந்திருக்கும்போதுதான். முடிந்ததும் பத்து நிமிடம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். உள்ளே போனதுமே நர்ஸ் அம்மாவிடம், “எனக்கு ஊசி போட்டா மயக்கம் வரும், ஒரு தடவை விழுந்து தையல் போட்டிருக்கு” என்று சொல்லிவிடுங்கள். நெற்றித் தழும்பைக் காட்டுங்கள். சொல்லாமல் மறைக்கிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

கையெழுத்து உங்களுடையது

டெஸ்டுக்கென்று வாங்கிய கையெழுத்தை வைத்து மார்பை எடுக்க முடியாது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான். ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் வாங்கி, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று 2008-இல் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. சுயநினைவுள்ள, வயதுவந்த ஒருவருக்காகத் தாயோ கணவரோ முடிவெடுத்துவிட முடியாது.

உங்களுக்குச் செய்யப்போவதில் முழு மயக்கமே இல்லை. விழித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியிருந்தும் மனம் ஆறவில்லை என்றால் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள், தமிழில் கேளுங்கள். ‘ஊசி மூலம் சதைப் பரிசோதனைக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இருந்தால் வருவார். இல்லையென்றாலும் கூட ஒரு பெண் ஊழியர் இருந்தே ஆக வேண்டும். நடுவில் “நிறுத்துங்க” என்றால் நிறுத்தியாக வேண்டும். கடைசியாக, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை மதிக்கிறேன். ஆனால் ‘குத்தினால் பரவும்’ என்ற தவறான தகவலை நம்பி அதைப் பயன்படுத்தினீர்கள் என்றால் எனக்கு மனசு கேட்காது.

மார்பை எடுத்துவிடுவார்கள் என்பது வேறு விதத்திலும் பழைய பயம். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர் 1973-இல் தொடங்கிய ஆய்வில், 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டியுள்ள 701 பெண்களில் பாதிப் பேருக்கு மார்பை முழுதாக எடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களை ஏறக்குறைய இருபது வருடம் தொடர்ந்து கவனித்த முடிவு 2002-இல் வெளியானபோது இரண்டு பிரிவினருக்கும் ஆயுள் ஒன்றாகவே இருந்தது. உங்கள் கட்டி 1.8 செ.மீ. ஒருவேளை அது புற்றுநோயாகவே இருந்தாலும், இந்த அளவில் மார்பைக் காப்பாற்றிக்கொண்டு வைத்தியம் செய்யப் பெரும்பாலும் வழி இருக்கும். வளர விட்டால் அந்த வழி அடைபடும்.

தை மாதம் வரைக்கும் தள்ளலாமா?

இதில்தான் உங்களோடு நான் உறுதியாக மாறுபடுகிறேன். ஒரு வாரம், பத்து நாள் முன்னே பின்னே ஆவதால் எதுவும் கெட்டுவிடாது. நேற்றே போயிருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட விஷயம். ஆவணிக் கடைசியிலிருந்து எண்ணினால் நீங்கள் இப்போது இரண்டரை மாதத்தில் நிற்கிறீர்கள். தைக் கடைசி என்றால் ஐந்து மாதம் ஆகிவிடும்.

இப்போதே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரிப்போர்ட் வரச் சில நாளிலிருந்து ஒரு வாரம். சாதாரணக் கட்டி என்று வந்தால் நிம்மதியாகக் கல்யாண வேலையைப் பார்க்கலாம். இப்போது ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது நிற்கும். புற்றுநோய் என்றே வந்தாலும் அடுத்த நாளே ஆபரேஷன் இல்லை. அது எந்த வகை, ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா என்று அதே சதையில் இன்னும் சில சோதனை செய்ய வேண்டும், திட்டம் போட வேண்டும். முதல் நாளே டாக்டரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள். ஆபரேஷனை முன்னால் வைப்பதா, மருந்தை முன்னால் வைப்பதா என்று யோசிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். எத்தனையோ முகூர்த்தத் தேதிகளைப் பார்த்து நாங்கள் வைத்தியம் வகுத்திருக்கிறோம். மணவறைக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. அதற்குப் பத்து மாதம் கழித்து வளைகாப்புக்கும் நீங்கள்தானே நிற்க வேண்டும்.

சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனையில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று தோன்றினால் திருச்சியிலோ கோவையிலோ எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டுகளையும் மேமோகிராம் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். ‘பரம்பரை நோய் என்று பெண்ணைச் சொல்லிவிடுவார்கள்’ என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை: மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் பரம்பரையாக வருவது. பெரியம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்று மட்டும் கேட்டு வைத்திருங்கள், டாக்டர் கேட்பார்.

செலவைப் பற்றிக் கலங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இந்த டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பற்றை இன்றோடு நிறுத்துங்கள். ‘கொஞ்சம் கரைந்த மாதிரி இருக்கிறது’ என்கிறீர்கள். மாதவிலக்குக் கணக்கைப் பொறுத்து மார்பு கனப்பதும் இளகுவதும் உண்டு. நீங்கள் விரலால் அளப்பதை நம்ப முடியாது. பற்றால் தோல் புண்ணாகிவிட்டால் டாக்டருக்கு ஸ்கேனில் பார்ப்பதும் சிரமம், ஊசி போடுவதையும் தள்ளிவைக்க வேண்டியதாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொல்லியிருப்பார். அவரிடம் சண்டை வேண்டாம்.

கடைசியாக ஒரு பயம் பாக்கி இருக்கிறது. கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்ற பயம். அதற்கு என்னிடம் விவரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஊசி எதையும் உண்டாக்குவதில்லை, உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுகிறது என்று என்னால் சொல்ல முடியும். அதைக் கேட்டும் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்த நாட்களைத் தனியாகக் கடக்காதீர்கள். ஸ்கேனுக்குக் கூட வந்த நாத்தனார், “என்ன அண்ணி, டெஸ்டுக்குப் போனீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டதாகவும், போய்விட்டு வந்துவிட்டதாகப் பொய் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை. கணவர் அடுத்த லோடு முடிந்து வந்ததும் அவரிடமும் சொல்லுங்கள், நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போது. ரிப்போர்ட் வாங்கப் போகும்போதும் தனியாகப் போகாதீர்கள். டாக்டர் சொல்வதில் பாதி அந்த நேரத்தில் காதில் ஏறாது, கூட வருபவர் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் முழுக்கக் கை கால் இறுக்கும் பயிற்சி. அடுத்த வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு, பழைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, நாத்தனாரோடு கிளம்புங்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யாராவது அதட்டினால், “பயமா இருந்துச்சு, இப்ப வந்திருக்கேன்” என்று சொன்னால் போதும். ரிப்போர்ட் வந்ததும், அது எதுவாக இருந்தாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.